போர்ச்சில் நின்ற படகு

படகைப் பார்த்ததும் குமுதா கேட்ட முதல் கேள்வி: "இதுல எத்தனை பேரு உக்காரலாம்?"

"ரெண்டு பேரு," என்றாள் மகள் புனிதா.

"இவ்ளோ நீளத்துக்கு ரெண்டே பேரா? ஒரு மைவி காரு எடுத்திருந்தா அஞ்சு பேரு போலாம். ஏர்கோன் இருக்கும். கதவு இருக்கும்."

"அம்மா, இது பாய்மரப் படகு."

"அதான் கேக்குறேன். நமக்கு எதுக்குடி படகு?"

நியாயமான கேள்விதான். கேரித் தீவுத் தோட்டத்தில் அந்தக் குடும்பம் மூன்று தலைமுறை செம்பனைக் குலை வெட்டியது. தீவு என்றால் நாலு பக்கமும் தண்ணீர். அந்த மூன்று தலைமுறையில் நீச்சல் தெரிந்தவர் ஒருவர் இல்லை, படகில் கால் வைத்தவர் ஒருவர் இல்லை. தண்ணீர் துரைக்கும் மீன்காரனுக்கும்தான் என்று யாரோ எழுதிக் கொடுத்ததுபோல அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டே வாழ்ந்துவிட்டு, புனிதாவின் அப்பா கன்னையாவின் காலத்தில் கிள்ளானுக்கு வந்து மேரு சாலைப் பக்கம் தாமான் என்று சொல்லும் குடியிருப்பு ஒன்றில் வரிசை வீடு வாங்கிக் குடியேறினார்கள்.

அந்தத் தாமானில் வீட்டு முன்புறப் போர்ச்சில் நிற்கும் எதற்கும் ஓர் அர்த்தம் உண்டு. புதுக் கார் நின்றால் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். கார் நின்ற இடம் காலியாகக் கிடந்தால் பேங்க் இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூடாரமும் பிளாஸ்டிக் நாற்காலியும் என்றால் கல்யாணம், இல்லாவிட்டால் சாவு. தெருவில் நடந்து போகிறவர்கள் கேட்க மாட்டார்கள், பார்த்தே முடிவு செய்துகொள்வார்கள். புனிதாவின் படகு அந்தப் போர்ச்சில் எட்டு மாதம் நின்றது. அதற்கு ஊரும் உறவும் என்ன அர்த்தம் வைத்தன என்பது எல்லோருக்கும் தெரிந்தது, புனிதாவைத் தவிர. இன்ஜினியரிங் படித்த மூளைக்கு அது எட்டவில்லை.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. பெட்டாலிங் ஜெயாவில் மருத்துவமனைக் குழாய்கள் செய்யும் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாடு. இருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், பூக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரு வாடகை அறை. கன்னையாவின் வம்சத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. முதல் கால் என்று மேடை போட்டுச் சொல்வார்கள். அந்தக் காலின் மேல் எத்தனை பேர் ஏறி நின்றார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அப்பாவின் மருத்துவமனைத் தேதி, அண்ணனின் போலீஸ் சம்மன், அத்தை மகனின் பல்கலைக்கழக மனு, பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர் பில் தகராறு. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்: "நீ படிச்சவதானே." சனிக்கிழமை தோறும் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போவதும் அவள்தான். செவ்வாயும் வியாழனும் அண்ணன் யுகேந்திரன், துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டுகிறவன், வேலைக்கு நடுவே ஓடி வந்து கூட்டிப் போவான். அதையும் சொல்லத்தான் வேண்டும். அவன் சோம்பேறி இல்லை.

படகு ஆசை வந்தது போர்ட்டிக்சனில். கம்பெனி சுற்றுலாவில் ஆளுக்கு ஒரு மணி நேரம் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கைப்பேசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார்கள். ஒரு கை சுக்கானில், ஒரு கை பாய்க்கயிற்றில். மூக்கு அரித்தால்கூடச் சொறிய மூன்றாவது கை இல்லை. கரைக்கு வந்து பார்த்தால் பதினேழு அழைப்பு தவறியிருந்தது. புனிதா அதைப் பார்த்துக்கொண்டே மணலில் உட்கார்ந்தாள். யாரும் சாகவில்லை. வீடு எரியவில்லை. வாரத்தில் ஒரு நாள், சில மணி நேரம், இரண்டு கைக்கும் வேலை இருக்க வேண்டும். அவளுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான். பிறகு புத்ராஜெயா ஏரியில் மாதக்கணக்கில் வகுப்புக்குப் போனாள். வீட்டில் ஓ.டி. வேலை என்று சொல்லிவிட்டாள்.

படகை விற்றவர் பெட்டாலிங் ஜெயா பழைய பகுதியில் இருந்த ரேமண்ட் அங்கிள். முழங்கால் போய்விட்டது, ஏற முடியவில்லை. வெள்ளை ஃபைபர் படகு, வீட்டுப் பின்புறம் மாமரத்தடியில் டிரெய்லரோடு கிடந்தது. உள்ளே முட்டளவு மழைத்தண்ணீர், அழுகிய இலை, கொசுப்புழு. நகராண்மைக் கழகத்து ஆட்கள் டெங்கிக்குப் புகை அடிக்க வந்து எச்சரித்துவிட்டுப் போன மறு வாரம் அவள் போய் நின்றாள்.

"ஒருத்தர் ஓட்டலாம், ரெண்டு பேரு உக்காரலாம்," என்றார் அவர். "நல்ல போட்மா. நானும் செசிலியாவும் எத்தனையோ தடவை..."

"நான் ஒரே தடவைதான் ஏறுனேன்," என்று உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தார். "தூக்கிட்டுப் போம்மா. புண்ணியமாப் போகும். ஃபிரீயா குடுன்னுதான் சொன்னேன், இவருக்கு மனசு வரல."

பிரிக்ஃபீல்ட்ஸ் மூன்றாம் மாடியில் படகு வைக்க முடியாது. கிள்ளான் வீட்டுப் போர்ச்சில்தான் வைக்க முடியும். அப்படித்தான் வந்து நின்றது.

ஞாயிறு தோறும் காலையில் கோமுட்டர் ரயில் பிடித்து வந்து பழுது பார்த்தாள். வெடித்த இடங்களைச் சுரண்டி, ஃபைபர் துணி ஒட்டி, ரெசின் பூசினாள். கிள்ளான் வெயிலில் ரெசின் கலக்கி முடிப்பதற்குள் கிண்ணத்திலேயே கல்லாகிவிடும். குமுதாவின் இரண்டு எவர்சில்வர் கிண்ணம் அப்படிப் போயிற்று. பாயில் பூஞ்சை, நாலு தடவை துவைத்தும் கறை போகவில்லை. பாய்மரத்தைப் போர்ச் குறுக்கே கிடத்தியிருந்தாள். அதில் குமுதா துணி காயப்போட்டாள். கவிழ்த்து வைத்த படகின் முதுகில் மோர் மிளகாய் காய்ந்தது. ஒருநாள் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்தால் படகு முழுக்க வடகம்.

"அம்மா!"

"நல்லா சூடு புடிக்குதுடி. இதுக்காச்சும் உதவுதே."

ஆனாலும் அந்த ஞாயிறுகளில் ஒரு நிம்மதி இருந்தது. கையுறை முழுக்க ரெசின் என்றால் யாரும் கைப்பேசியை நீட்ட முடியாது. "புனிதா, இந்த லெட்டர் என்னான்னு பாரேன்" என்று வருகிறவர்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு "சரி, அப்பறம்" என்று திரும்பிவிடுவார்கள். அவசியமே இல்லாத இடத்தைக்கூட அவள் மறுபடி சுரண்டினாள். தொழிற்சாலையில் ஒரு பொருளை மூன்று முறை சோதிப்பார்கள். படகை அவள் முப்பது முறை தடவியிருப்பாள்.

எட்டாவது மாதம் வேலை முடிந்தது. அங்கே யுகேந்திரன் நுழைந்தான்.

"பூசை போடாம எந்த வண்டியும் நம்ம வீட்லேர்ந்து எறங்காது. என் லோரிக்கே போட்டேன், இதுக்குப் போட மாட்டனா?"

"அண்ணே, இது வண்டி இல்ல."

"டயர் இருக்குல்ல?"

டயர் இருந்தது, டிரெய்லருக்கு. தாமான் முனைக் கோயிலுக்கு இழுத்துப் போனார்கள். ஐயர் சுற்றிச் சுற்றி வந்தார். "இதுல முன்பக்கம் எதும்மா?" என்று கேட்டுச் சந்தனம் வைத்தார். எலுமிச்சம்பழத்தை டிரெய்லர் டயருக்கடியில் வைத்து நசுக்கினார்கள். தேங்காய் நன்றாக உடைந்தது. யுகேந்திரன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து "எங்கள் படகு" என்று போட்டான். எங்கள் என்ற சொல்லைப் புனிதா பார்த்தாள். அவளுக்குச் சண்டை போட அலுப்பாக இருந்தது. அந்த அலுப்பைத்தான் குடும்பம் அவளுடைய நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

மறுநாள் அவள் கயிறு வாங்கக் கடைத்தெருவுக்குப் போய் வருவதற்குள் படகுக்குள் முருகன் வந்துவிட்டார். கண்ணாடிச் சட்டத்தில், மயிலோடு, முன்பக்கத் தடுப்புச் சுவரில் திருகாணி போட்டு இறுக்கியிருந்தது. காருக்கு டேஷ்போர்டில் சாமி, படகுக்கு டேஷ்போர்டு இல்லை, அதனால் அங்கே. அந்தச் சுவருக்குப் பின்னால் இருப்பது மூடிய வெற்றறை. அதற்குள் காற்று இருக்கும்வரைதான் படகு மிதக்கும்.

"யாரைக் கேட்டு டிரில் போட்டே?"

"சாமிக்கு யாரைக் கேக்கணும்?" என்றான் அவன்.

"கழட்டிப் பாக்கணும். பின்னாடி எப்படி இருக்குன்னு தெரியல."

குமுதா இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "பூசை போட்ட சாமியக் கழட்டுவியா? அப்பாவுக்கு ரத்தம் சுத்தம் பண்ற வீடுடி இது. அபசகுனமாப் பேசாத."

புனிதா சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கான் பசை பூசியதோடு விட்டுவிட்டாள். தொழிற்சாலையில் ஒரு ஊழியர் பிரித்துப் பார்க்காமல் முத்திரை குத்தியிருந்தால் அவரை நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருப்பாள். சாமி படத்தைக் கழற்ற அவளுக்கும் கை வரவில்லை. எத்தனை பட்டம் வாங்கினாலும் சில இடங்களில் கை வராது.

இறக்குவதற்குக் கேரித் தீவைத் தேர்ந்தெடுத்தது யுகேந்திரன். ஆறு கடலில் சேரும் இடத்தில் மீன்பிடிப் படகுகள் இறங்கும் ஒரு சரிவு. அங்கே கொட்டகை வைத்திருந்த, எல்லோரும் அபாங் என்று கூப்பிடும் மலாய்க்காரர் அவனுக்குத் தெரிந்தவர். நீர் ஏறும் நேரம் பார்த்து விடிகாலையில் ஹைலக்ஸ் வண்டியில் இழுத்து வந்து இறக்கிவிட்டு, "ஆளுங்களக் கூட்டிட்டு வரேன்" என்று திரும்பிப் போனான்.

"எந்த ஆளுங்க?" என்று அவள் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

அவனும் ஆட்களும் வருவதற்கு முன் கிடைத்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுடையது. தரைக்காற்று மெதுவாக அடித்தது. பாயை ஏற்றினாள். கறை படிந்த துணி ஒரு தடவை படபடத்தது, பிறகு வயிறு நிரம்பியதுபோல் அமைதியானது. படகு நழுவியது. மோட்டார் இல்லை, தள்ளுகிறவர் இல்லை. அடியில் தண்ணீர் களுக் களுக்கென்று பேசியது. கண்டல் மரங்களின் வேர்களுக்கு நடுவே கொக்கு ஒன்று இவளை ஒரு பொருட்டாக மதிக்காமல் நின்றது. சுக்கானைத் தள்ளினால் திரும்பியது, கயிற்றை இழுத்தால் ஓடியது. சொன்ன சொல் கேட்கும் ஒன்றை அவள் வாழ்க்கையில் முதன்முதலாகத் தொட்டாள். சிரித்தாளா என்று அவளுக்குத் தெரியாது. தாடை வலித்தது, அதனால் சிரித்திருக்க வேண்டும்.

திரும்பி வந்தபோது கரையில் மூன்று கார் நின்றது. கோரைப்பாய் விரித்திருந்தார்கள். பிரியாணி அண்டா, பண்டோங் ரோஸ் பால் வாளி, மடக்கு நாற்காலியில் கன்னையா, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இராஜம்மா அத்தை.

"ஆளுக்கு ஒரு ரவுண்டு," என்று யுகேந்திரன் அறிவித்தான். "மொதல்ல அம்மா. தள்ளாதீங்க, வரிசையா வாங்க."

"கிராப் டாக்சியாட்டம் புக் பண்ணணுமா, இல்ல கையக் காட்டுனா நிக்குமா?" என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். புனிதாவும் சிரித்துவைத்தாள்.

குமுதா மிதவைச் சட்டைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். கரை விலகியதும் ஒரு கண்ணைத் திறந்தாள். செம்பனை வரிசை நுனி தெரிந்தது, ஆலையின் புகைக்குழாய் தெரிந்தது.

"இங்கேர்ந்து பாத்தா தோட்டம் இத்தினிக்கூண்டுதானா?" என்றாள். "இதுக்குள்ளயா நாங்க அவ்ளோ காலம் ஓடுனோம்?"

புனிதாவுக்கு ஏதோ சொல்லத் தோன்றியது. அதற்குள் அம்மா தொடர்ந்தாள். "ஏண்டி, இனிமே அந்த ரூமுக்கு எதுக்கு வாடகை கட்டுற?"

காற்று மாறிக்கொண்டிருந்தது. புனிதா அதைக் கவனித்தாள், கேள்வியைக் கவனிக்கவில்லை.

அடுத்து அத்தை. கரையிலிருந்து சத்தம் கேட்காத தூரம் வந்ததும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "தனியா மாட்டுனியா இன்னிக்கி. மூணு தடவ போன் பண்ணேன், எடுக்கல. முகுந்தனுக்கு யூனிவர்சிட்டி கெடைக்கல. அப்பீல் எழுதணும். இந்தா, போன்ல ரிசல்ட் இருக்கு, பாரு."

"அத்தை, கை விட முடியாது."

"ஒரு கையாலப் பாரேன். அப்படியே ஒரு போட்டோவும் எடுத்துரு."

அத்தைக்குப் பிறகு பெரியப்பா மகள், அவளுக்குப் பிறகு அவள் கணவன். ஒருவர் வேலை மாற்றத்தைப் பற்றிக் கேட்டார், ஒருவர் வீட்டுக் கடனைப் பற்றிக் கேட்டார். எல்லோரும் படம் எடுக்கச் சொன்னார்கள். இத்தனை வருஷம் இவளைத் தனியாகப் பிடிக்க முடியாமல் தவித்தவர்களுக்கு, கதவும் இல்லாத, எழுந்து போகவும் முடியாத ஒரு இடத்தை அவளே வாங்கி, அவளே ஒட்டி, அவளே துடைத்துக் கொடுத்திருந்தாள். வெயில் ஏறியது. நாக்கு உலர்ந்தது. படகின் மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்வதுபோல் இருந்தது. ஆட்கள் கனம் என்று நினைத்தாள்.

கடைசியாக யுகேந்திரன் ஏறினான். லோரியில் நாற்பது டன் இழுக்கிறவன், ஏறும்போதே பாய்மரத்தைக் கட்டிக்கொண்டான். நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு சின்னச் சுற்று போதும் என்று அவள் நினைத்தாள்.

"புனி, அடுத்த மாசம் உன் சாமானெல்லாம் ஏத்திரலாம். லோரி நானே கொண்டாரேன்."

"எங்க ஏத்தறது?"

"வீட்டுக்குதான் லா. அப்பத்தானே அப்பாவ மூணு நாளும் நீ கூட்டிட்டுப் போக முடியும். நான் எல்லைக்கு அந்தப் பக்கம் துவாஸ்ல வேலைக்கு சைன் பண்ணிட்டேன். ஜொகூர்ல ஷர்மி வீட்லேர்ந்து போய்ட்டு வந்துருவேன்." ஷர்மி அவன் மனைவி, ஆசிரியை. மாற்றல் வந்து மகளோடு ஜொகூர் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

புனிதாவுக்குக் கயிறு கையில் இருப்பது மறந்துபோயிற்று. "நான் வீட்டுக்கு வரேன்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எட்டு மாசமா படகு போர்ச்சுல நிக்குது. சாமான வீட்ல வெச்சிட்டு ஆளு மட்டும் வெளிய இருப்பாளா? பூசை வேற போட்டாச்சு. 'மக வந்துட்டா'ன்னு அம்மா தெரு பூரா சொல்லிட்டாங்க. நீயும் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் வந்தே, ஒரு வார்த்தை இல்லேன்னு சொல்லல."

"என்னை யாராச்சும் கேட்டீங்களா?"

"தெரிஞ்ச விஷயத்த எப்படிக் கேக்கறது?"

அவள் கரைப்பக்கம் திருப்பச் சுக்கானைத் தள்ளினாள். படகு திரும்பவில்லை. முழு பலத்தோடு தள்ளினாள். மூக்கை மண்ணுக்குள் விட்ட எருமைபோல அது தன் போக்கில் போயிற்று. அப்போதுதான் முன்பக்கம் பார்த்தாள். முருகன் சட்டத்துக்குக் கீழே சிலிக்கான் உரிந்து தொங்கியது. தரையில் தேங்கிய தண்ணீர் சட்டத்தின் அடிவிளிம்பைத் தொட்டது. காலையிலிருந்து ஒவ்வொருவரும் ஏறி இறங்கியபோது சிந்திய தண்ணீர், தெறித்த அலை, எல்லாம் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் வழி கண்டுபிடித்து வெற்றறையை நிரப்பிக்கொண்டிருந்தது.

"அண்ணே, எத்தனை ஓட்டை போட்டே?"

"படத்துக்கு நாலு."

"எத்தனை போட்டே?"

அவன் பாய்மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். "மொதல்ல போட்டது கோணலாப் போச்சு. ரெண்டாவதும் கோணல். மூணாவது தடவதான் நேரா வந்துச்சு. படம் மறைச்சிருச்சுல்ல, அதான் சொல்லல."

படகு மெத்தென்று எதிலோ உட்கார்ந்தது. சேற்றுத்திட்டு. இறங்கும் நீர் மாட்டிக்கொண்ட ஆளுக்காகக் காத்திருக்காது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுற்றிலும் சாம்பல் நிறச் சேறு முதுகைக் காட்டியது. சேற்றுமீன்கள் துள்ளின. கரை கண்ணுக்கு எட்டும் தூரம்தான். காலுக்கு எட்டாது, இறங்கினால் இடுப்புவரை இழுக்கும். அபாங் மோட்டார் படகில் ஒரு தடவை கிட்டே வந்து, கையை விரித்து, "ஆயிர் நாய்க், பாரு போலே" என்று கத்திவிட்டுத் திரும்பிப் போனார். நீர் ஏறினால்தான் முடியும். அதற்கு மாலையாகும்.

யுகேந்திரனின் கைப்பேசி அடித்தது. "அம்மா. புனிதாகிட்ட குடுங்கிறாங்க."

"கை சேறு," என்றாள் புனிதா. அவள் கை சுத்தமாகத்தான் இருந்தது.

பாயைக் கீழே இறக்கி இருவர் தலைக்கும் நிழலாகப் போட்டாள். அதன் அடியில் உட்கார்ந்தார்கள். கரையிலிருந்து பிரியாணி வாசம் வருவதுபோல யுகேந்திரனுக்குத் தோன்றியது. அதையும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா என் மக என்னைப் போன்லதான் பாக்குறா," என்றான் பிறகு. "போன மாசம் போனப்ப ஷர்மிகிட்ட கேட்டாளாம், 'அப்பா எத்தனை நாளைக்கு வந்திருக்காங்க'ன்னு. விருந்தாளிய கேக்கற மாதிரி."

"போண்ணே. யாரு வேணாம்னா?"

"அப்ப அப்பா?"

"டயாலிசிஸ் சென்டர்ல வேன் இருக்கு. வீட்டுக்கே வந்து ஏத்திக்குவாங்க."

"வேன்ல ஏறுவாரா? ரெண்டு புள்ள இருந்தும் அனாதையாட்டம் போறேன்னு ஊரைக் கூட்டுவாரு."

"கூட்டட்டும்."

"நீ படிச்சவதானே, ஒரு வழி சொல்லேன்."

அந்த வார்த்தை அவளை எத்தனை தடவை எழுப்பி நிறுத்தியிருக்கிறது. அன்றைக்கு எழும்ப உடம்பில் ஒன்றும் இல்லை. கோபம்கூடக் களைத்துப்போய் அடியில் கிடந்தது.

"வழி சொல்ல மாட்டேன்," என்றாள். "சனிக்கிழமை வரேன். இப்பவும் வரேன், இனியும் வருவேன். மத்த ரெண்டு நாளைக்கு நீ பேசு. அப்பாகிட்ட நீ சொல்லு, சென்டர்ல நீ கேளு. நீ சைன் பண்ண வேலைக்கு நான் ஏன் வழி தேடணும்? சைன் பண்றதுக்கு முன்னாடி என்னைக் கேட்டியா? ஓட்டை போடறதுக்கு முன்னாடி கேட்டியா?"

"ரெண்டையும் எதுக்குச் சேக்குற?"

"நான் சேக்கல. ரெண்டையும் செஞ்சது ஒரே ஆளு."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழுகிறானோ என்று அவள் பார்க்கவில்லை. பார்த்தால் சரி என்று சொல்லிவிடுவாள். தன்னைப் பற்றி அந்த அளவுக்கு அவளுக்குத் தெரியும். அதனால் சேற்றுமீன்களைப் பார்த்தாள். வெயில் இறங்கும்வரை பார்த்தாள். நடுவில் கைப்பேசி பலமுறை அடித்து, பிறகு சார்ஜ் தீர்ந்து செத்தது.

நீர் திரும்பியது. முதலில் ஒரு விரல், பிறகு ஒரு சாண். புனிதா படத்தைக் கழற்றினாள். யுகேந்திரன் சாமியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். பின்னால் கோணல்மாணலாகப் பன்னிரண்டு ஓட்டை. படகை அவன் பக்கம் சாய்க்கச் சொல்லி, முடிந்தவரை தண்ணீரை வடித்து, கைவசம் இருந்த பாய் ஒட்டும் பட்டையை ஓட்டைகளின் மேல் இழுத்து ஒட்டினாள். அவன் தன் தொப்பியால் இறைத்தான். நன்றாகவே இறைத்தான்.

கரையில் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து வரவேற்றன. குமுதா மகளின் தோளில் இரண்டு அடி வைத்து, அதே கையால் தலையைத் துவட்டினாள். கன்னையா நாற்காலியில் இருந்தபடியே, "படிச்ச புள்ளைக்குத் தண்ணி எறங்கறது தெரியாதா?" என்றார்.

புனிதா அபாங்கிடம் போனாள். படகை அவர் கொட்டகையில் வைக்க முடியுமா, மாதவாடகை தருகிறேன் என்று மலாயில் கேட்டாள். அவர் ஓர் ஓரத்தைக் காட்டினார். யுகேந்திரன் ஹைலக்ஸைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டு வந்தவன், அவள் டிரெய்லரைக் கொட்டகைப் பக்கம் தள்ளுவதைப் பார்த்து இன்ஜினை நிறுத்தினான். இறங்கி வந்து மறுபக்கம் பிடித்தான். இருவரும் தள்ளினார்கள்.

குமுதாவுக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று புரிய.

"அப்ப படகு வீட்டுக்கு வராதா?"

"வராதும்மா."

"நீ?"

"சனிக்கெழம வரேன். எப்பவும் போல."

"போர்ச் காலியா இருக்குமே. பக்கத்துல கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்?"

புனிதா வாயைத் திறந்தாள். ஒரு பதில் தயார் செய்து, அம்மா அதை அப்படியே ஒப்பிக்கும்படி சுருக்கிக் கொடுப்பது அவளுக்குப் பழகிப்போன வேலை. வாயை மூடிக்கொண்டாள். காரில் ஏறி எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். கிள்ளான் வருவதற்குள் அத்தை முகுந்தன் மனுவைப் பற்றி இரண்டு தடவை பெருமூச்சு விட்டார்.

யுகேந்திரன் ஜொகூருக்குப் போய்விட்டான். போவதற்கு முன் சென்டருக்கு அவனே பேசி வேன் ஏற்பாடு செய்தான். கன்னையா முதல் வாரம் ஊரைக் கூட்டினார். இரண்டாம் வாரம் வேன் ஓட்டுகிறவனின் ரேடியோவைத் திட்டினார். இப்போது கூட வரும் சீனக் கிழவர் எப்படி ஏமாற்றிச் சன்னல் சீட்டைப் பிடிக்கிறார் என்று சனிக்கிழமை தோறும் புனிதாவிடம் புகார் சொல்கிறார். குமுதா சோறு போடுகிறாள், பேசுவதில்லை. தெருவில் கேட்டவர்களுக்கு என்ன சொன்னாள் என்று தெரியாது. அத்தை அழைப்பதையே நிறுத்திவிட்டார். இது நிம்மதி என்று சொன்னால் பொய். சாப்பிடும்போது எதிரே ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பது பன்னிரண்டு ஓட்டையை அடைப்பதைவிடக் கஷ்டம்.

ஓட்டைகளை அடைக்க அவளுக்கு மூன்று ஞாயிறு பிடித்தது. நாலாவது ஞாயிறு படகை இறக்கினாள். கைப்பேசியைக் கொட்டகையில் விட்டுவிட்டாள். ஆற்று வாயைத் தாண்டியதும் காற்று நின்றுபோனது. பாய் துவண்டு தொங்கியது. கயிற்றை இழுத்துப் பார்த்தாள், விட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தூரத்தில் ஒரு கப்பல் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கரையில் யாரும் இல்லை.

எதையாவது செய்ய வேண்டும் என்று உடம்பு பரபரத்தது. செய்ய ஒன்றும் இல்லை. படகின் அடியில் காலை நீட்டி, மிதவைச் சட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். எத்தனை வருஷத் தூக்கம் பாக்கி என்று அவளுக்கே தெரியாது. நீர் ஏறுமுகம்தான், கடலுக்கு இழுத்துப் போகாது, உள்ளேதான் தள்ளும். அதைப் பார்த்து வைத்துத்தான் இறங்கியிருந்தாள்.

கண்ணை மூடினாள்.